ஒன்பது புத்தகங்களும் ஒரு கடைவாய்ப்பல்லும்

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது மங்கையர்க்கரசிக்குப் பழக்கமில்லாத காரியம். இருபத்தாறு வருடமாக விலங்கியல் வகுப்பில் வாயைத் திறந்தால் பேச்சு, மூடினால் யோசனை என்றுதான் அவளுக்கு நடந்துவந்தது. இப்போது டாக்டர் ஜெசிந்தாவின் பல் ஆஸ்பத்திரியில், சாய்வு நாற்காலியில் மல்லாக்கப் படுத்து, இடது கன்னம் மரத்து, கடைவாய்ப்பல்லுக்குள் ஏதோ ஒன்று கிர்ரென்று குடைந்து இறங்க, கண்ணுக்கு நேரே வெள்ளை விளக்கு எரிய, மனசு மட்டும் ஏழாவது இடத்தில் எந்தப் புத்தகத்தை வைப்பது என்று அலைந்துகொண்டிருந்தது. மணி நாலு தாண்டியிருக்கும். ஆறு மணிக்குள் பட்டியல் சென்னைக்குப் போயாக வேண்டும். இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள். பதினான்கு வருடமாக ஜனவரி இதழில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் அவளுடையது. பத்திரிகை ஆசிரியர் ஞானதுரை காலையிலேயே கூப்பிட்டு, டீச்சர், உங்க பக்கத்தைக் காலியா விட்டுட்டு அச்சகத்துல உக்காந்திருக்கேன் என்று பாவமாகச் சொல்லிவிட்டார். ஆறு வரைக்கும் சிக்கலே இல்லை. கடலுக்கடியில் கம்பி பதிக்கிறவனைப் பற்றிய அந்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று. கிழவர்கள் மட்டுமே வருகிற சிறுகதைத் தொகுப்பு இரண்டு. தவளைகளைப் பற்றிய கட்டுரை நூல் மூன்று; டீச்சர் தவளையை விடமாட்டாங்க என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்க நாவல் நாலு. அது பிடித்ததா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டு மாதம் அதைத் தூக்கிச் சுமந்த மணிக்கட்டுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா. ஐந்தும் ஆறும் கவிதை. எட்டும் ஒன்பதும்கூடத் தயார். ஏழில்தான் மாட்டிக்கொண்டது. நாக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க மேடம் என்றார் டாக்டர். நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதபோது எந்தப் பக்கம் வைக்க.

ஏழில் வைக்க ஆள் இல்லாமல் இல்லை. ஆள் இருப்பதுதான் தொந்தரவு. போன வருடம் சாத்தூர்க் கவிஞர் ஒருவரை எட்டாவது இடத்தில் வைத்தாள். போனில் கூப்பிட்டார். எட்டா, என்றார். ஆமாம் சார் என்றாள். எட்டாவதா, என்றார். ஆமாம் சார் என்றாள். வைத்துவிட்டார். அதற்கப்புறம் இவள் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. வரிசையெல்லாம் இல்லை, படித்த மாத வாரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்று அடிக்குறிப்பு எழுதிப் பார்த்தாள், அந்த அடிக்குறிப்பையே ஒருத்தர் தன்னைக் குத்துவதாக எடுத்துக்கொண்டார். இந்த வருடம் ஓய்வுபெற்ற தாசில்தார் பலவேசம் அவருடைய காசிப் பயண நூலைக் கூரியரில் அனுப்பியிருந்தார், கூடவே ஒரு கிலோ கடலைமிட்டாய். நூலில் ரயில் ஜன்னல் வழியாகத் தெரிந்த ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார், வேறொன்றும் இல்லை. கடலைமிட்டாய் பிரமாதம். பதினோராவது துண்டில்தான் இந்தப் பல் உடைந்தது. உடைந்த பல்லோடு யோசித்துப் பார்த்தால், ஒரு புத்தகம் வாசகரிடம் இத்தனை பாதிப்பை ஏற்படுத்தியிருக்கிறதே, அதற்காகவாவது சேர்க்கலாமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். படிக்காததைச் சேர்ப்பதில்லை, பிடிக்காததைச் சேர்ப்பதில்லை. இந்த இரண்டும்தான் அவளுடைய பெருமை. ஒரே ஒருமுறை, அவளுடைய தலைமையாசிரியை எழுதிய சிறுவர் பாடல்களைச் சேர்த்தாள். அது வேறு, அப்போது இடமாறுதல் வரவேண்டியிருந்தது. எச்சில் உறிஞ்சுகிற குழாய் களக் களக் என்று அவள் கன்னத்துக்குள் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த செல்லக்கனி என்கிற அம்மாள், அவள் வயசுதான் இருக்கும், கண்ணை மூடிக்கோங்க டீச்சர், வெளிச்சம் அடிக்குது என்றாள். மூடினாள். மூடினால் பத்தாவது தெரிந்தது.

பத்தாவதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து ஏழாவதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது, வெளியே காத்திருக்கும் அறையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதாவது பத்தாவதை எழுதினவர். வெயிலுமுத்து. அவள் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனைக்கு எடுத்தது என்று குறிக்கிற வேலை, விசில் ஊதுகிற வேலை, மைக்கில் சொல்லுகிற வேலை. செய்தித்தாளையும் பஸ் போர்டையும் தவிர அவர் எதையும் படித்து அவள் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்று எட்டாவது மாதம், ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, சந்தையிலிருந்து காய்கறியை எடுத்து வைக்கிற மாதிரி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். 'ஏழு ஐம்பது செங்கரைப்பட்டி'. நாவல். நூற்றி எண்பத்து நாலு பக்கம். யாரு எழுதினது என்று கேட்டாள். அட்டையில பேரு போட்டிருக்கு பாரு என்றார். பார்த்தாள். அதே பெயரில் வேறு யாரோ என்று ஒரு வினாடி நினைத்தாள், அந்தப் பெயரில் இந்த மாவட்டத்திலேயே வேறு எழுத்தாளர் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானமே எடுத்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலேயே 'பேருந்துகள் வந்தது' என்று இருந்தது. கை தானாகப் போய் சிவப்புப் பேனாவை எடுத்தது. வந்தன என்று திருத்தினாள். அடுத்த பக்கத்தில் ஒரு ஒற்றுப் பிழை. பதினேழாம் பக்கம் வரும்போது நாற்பத்தொரு திருத்தம் ஆகியிருந்தது. தலையை நிமிர்த்தினால் அவர் காபி டம்ளரோடு நிற்கிறார். புத்தகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்லா இருக்குங்க, மெதுவா படிக்கணும் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். ஆறு மாதமாக மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். பதினெட்டாம் பக்கத்தைத் தொடவில்லை.

ஏன் தொடவில்லை என்பதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன, இரண்டு மூன்று, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. தவளைப் புத்தகம் வந்துவிட்டது. மோசமாக இருந்தால் என்ன சொல்வது. முன்பின் தெரியாத தாசில்தாருக்கு இரண்டு வரி கடிதம் எழுதித் தப்பிக்கலாம், காலையில் எழுந்ததும் முகத்தில் முழிக்கிற மனுஷனுக்கு எப்படித் தப்பிக்க. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது, அதை அவள் பல்லுக்குள் அந்தக் கம்பி போகிற மாதிரி தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தாள்: நன்றாக இருந்துவிட்டால்? நன்றாக இருந்துவிட்டால், தமிழில் வருகிற புத்தகங்களையெல்லாம் எடைபோட்டு ஊருக்குச் சொல்கிற ஒருத்தி, தன் வீட்டில் அடுத்த தட்டில் சாப்பிடுகிறவரை எடைபோடத் தெரியாமல் இருந்திருக்கிறாள் என்று ஆகிவிடும். வாயை இன்னும் கொஞ்சம் மேடம் என்றார் டாக்டர் ஜெசிந்தா. சின்னப் பெண், முப்பது வயசுக்குள், முகமூடிக்கு மேலே கண் மட்டும் சிரிக்கிறது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன். அப்புறம் மேடம், உங்க லிஸ்ட்டை நான் காலேஜ்லேர்ந்து ஃபாலோ பண்றேன், போன வருஷம் நீங்க சொன்னதுல நாலு வாங்கினேன், ஒண்ணு படிச்சேன். மங்கையர்க்கரசி தொண்டையால் ஒரு சத்தம் கொடுத்தாள், நன்றி என்று அர்த்தம். இந்த வருஷம் முதல் இடம் யாருக்குன்னு எனக்குத் தெரியும், சாரோட புக்குதானே, என்றார் டாக்டர். அரைக்கிற கருவி கிர்ரென்றது. போன தடவை உங்களைக் கூட்டிட்டு வந்தப்ப சார் ஒரு காப்பி கொடுத்தாங்க. ராத்திரி எடுத்தேன் மேடம், வைக்க முடியலை. அந்த விரல் சீன் படிச்சிட்டு அழுதுட்டேன்.

எந்த விரல். மங்கையர்க்கரசியின் கண் திறந்துகொண்டது. விளக்கு குத்தியது. எந்த விரல், யாருடைய விரல், பஸ்ஸில் நசுங்கிய விரலா, கண்டக்டர் விரலா, பதினேழு பக்கத்துக்குள் விரல் எதுவும் வரவில்லையே, வந்தது ஒரு டீக்கடையும் மழையும் இரண்டு டிரைவர்களும்தானே. டாக்டர் வேலையில் கண்ணாக, சொல்லிக்கொண்டே போனார். அவர் வந்து நிக்கறாரு மேடம், அந்தம்மா படிச்சிட்டு இருக்காங்க, புத்தகத்துலேர்ந்து கண்ணை எடுக்காம ஒரு விரலை மட்டும் தூக்கறாங்க, ஒரு நிமிஷம்ங்கற மாதிரி. அவர் நிக்கறாரு, நிக்கறாரு, நின்னுட்டுப் போயிடறாரு. சஸ்பெண்ட் ஆனதைச் சொல்லத்தான வந்தாரு பாவம். அப்புறம் பதினஞ்சு நாள் காக்கிச்சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போற மாதிரியே வீட்டை விட்டுப் போறாரே, அந்த இடம். அந்தம்மா நீங்கதான்னு எனக்கு உடனே தெரிஞ்சிடுச்சு மேடம். ஆனா நிஜத்துல நீங்க இவ்வளவு தன்மையா இருக்கீங்க. மங்கையர்க்கரசி இடது கையைத் தூக்கினாள். கருவி நின்றது. வலிக்குதா மேடம்? ஆ ஆ என்றாள். அவள் கேட்டது எப்போது சஸ்பெண்ட் என்று. இன்னும் கொஞ்சம் மரக்க வச்சிடலாம், ஒண்ணும் பிரச்சினை இல்லை என்று டாக்டர் இன்னொரு ஊசியை எடுத்தார். வேண்டாம் என்று வலது கையையும் ஆட்டினாள். பயப்படாதீங்க டீச்சர், எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும் என்று செல்லக்கனி இரண்டு கையையும் பிடித்து மெதுவாக மடியில் வைத்தாள். ஊசி இறங்கியது. கன்னத்தில் மீதமிருந்த பாதியும் கொஞ்சம் கொஞ்சமாக அவளை விட்டுப் போனது.

அந்தம்மாவுக்காகத்தான சஸ்பெண்டே ஆனாரு, என்றாள் செல்லக்கனி. குழாயைப் பிடித்தபடி, யாருக்கோ கதை சொல்லுகிற நிதானத்தில். நானும் படிச்சேன் டீச்சர், வெளிய மேசையில கிடக்குல்ல, மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பூரா அதான். நான் பொறந்த ஊரு செங்கரைப்பட்டிதான். அந்த ஏழு ஐம்பது வண்டியிலதான் எங்க அக்கா வீட்டுக்குப் போய் வருவேன். என்னிக்குமே ஏழு ஐம்பத்தி நாலு, ஐம்பத்தி அஞ்சுக்குத்தான் எடுப்பாங்க. ஆளெல்லாம் ஏறி உக்காந்திருக்கும், டிரைவரு ஆரனை அடிப்பாரு, டைம் கீப்பரு விசில் ஊதவே மாட்டாரு, பேனாவை உதறிக்கிட்டே நிப்பாரு, பேனா எழுதலைங்கற மாதிரி. ஏன்னு இந்தப் புக்கைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. டீச்சர் ஓடி வர்ற வரைக்கும் நின்னிருக்காரு. யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுட்டான். அதான்.  பன்னிரண்டு வருடம் செங்கரைப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் மங்கையர்க்கரசி. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட ஏழு ஐம்பதைத் தவறவிட்டதில்லை. இதை அவள் இன்றைக்கு வரைக்கும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தாமதமாக வருகிற பிள்ளைகளை வெளியே நிறுத்திவைத்து, பன்னிரண்டு வருஷம், ஒருநாள் கூட, அது எப்படித் தெரியுமா, திட்டம், என்று. திட்டம். அவர் முன்னாடியே டியூட்டிக்குப் போய்விடுவார். இவள் காலை ஏழரைக்குத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கடைசி இட்லியும் கடைசிப் பத்தியும் ஒன்றாக முடிகிற மாதிரி சாப்பிட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் வண்டி நிற்கும். எப்போதும் நிற்கும். அவள் ஏறினதும் எடுக்கும். என்ன கச்சிதம் என்று ஒவ்வொரு நாளும் மெச்சிக்கொண்டு, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறப்பாள். அந்த விசில் சத்தம் அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறது, ஊதுகிறவரை ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தது பத்துத் தடவை இருக்குமா.

விரல் அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. வலது கை ஆள்காட்டி விரல், கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமல், முகத்துக்கு நேராகத் தூக்குவது. பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்து காட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மகள் நிறைமதி கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசும்போது, அப்பா, அம்மா சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எந்த நாள் விரல்? ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்கினாலும் வருடத்துக்கு எத்தனை, இதில் ஒரு விரலை எங்கே போய்த் தேட. அவளுக்கு வருடங்கள் எல்லாம் படித்த புத்தகங்களாகத்தான் ஞாபகம். கிணறு வெட்டுகிற நாவல் படித்தபோது நிறைமதிக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று பாகம் உள்ள வங்காள நாவலில் இரண்டாம் பாகம் தொலைந்துபோனபோது மாமனார் தவறினார். சஸ்பெண்ட் என்றால் பள்ளிக்கூடம் நடக்கிற காலமாக இருக்க முடியாது, அவர் இல்லையென்றால் வண்டி நேரத்துக்கு எடுத்திருப்பார்கள், அவள் தவறவிட்டிருப்பாள். அப்படியானால் லீவு. மே மாதம். மே என்றால் ஒவ்வொரு வருடமும் ஒரு பெரிய புத்தகம். கப்பல் புத்தகம். பஞ்சாலைப் புத்தகம். பாலைவனப் புத்தகம். அங்கே மனசு நின்றது. பாலைவனப் புத்தகம், பதினோரு வருடத்துக்கு முந்தின மே, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பிரம்பு நாற்காலி, மின்விசிறி இல்லை, கரண்ட் போயிருந்தது. வணிகனின் ஒட்டகம் மணலில் மண்டி போட்டுவிட்டது, எழுந்திருக்கவில்லை, இன்னும் ஒன்றரைப் பக்கம். வாசலில் நிழல் விழுந்தது. மங்கை என்றார். விரலைத் தூக்கினாள். ஒட்டகம் கடைசியாக ஒரு தடவை தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. அவள் அழுதாள். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கியபோது நிழல் இல்லை. என்னமோ கேட்க வந்தாரே என்று நினைத்தாள், காபியாக இருக்கும் என்று எழுந்து போய்க் காபி போட்டாள். அந்த ஒட்டகத்தின் கண், இமையில் ஒட்டியிருந்த மணல், எல்லாம் இன்றைக்கும் தெளிவாக நிற்கிறது. வாசலில் நின்ற மனுஷனின் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு கசக்கிப் பார்த்தாலும் வரவில்லை. அவள் பார்க்கவே இல்லை, அப்புறம் எப்படி வரும். அந்த வருடப் பட்டியலில் பாலைவனப் புத்தகம் முதல் இடம். 'தனிமையைப் பற்றி இதைவிட நுட்பமாக யாரும் எழுதிவிட முடியாது' என்று எழுதியிருந்தாள்.

அந்த மே மாதம் முழுக்க அவர் காக்கிச்சட்டையைத் தோய்த்துப் போட்டிருக்கிறாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் அது காலியாகத்தான் வந்தது. எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வெயிலில் எங்கே போனார். இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டை விட்டால் அவருக்குப் போக ஓர் இடம் உண்டா. நூற்றி எண்பத்து நாலு பக்கத்தில் அது இருக்கும். டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது, குழாய் பிடிக்கிற அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது, மீன்தொட்டிப் பக்கத்தில் காத்திருந்து பல் பிடுங்கிக்கொண்டு போன ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்குத் தெரியுமோ. இன்னும் என்னென்ன எழுதியிருக்கிறார். தவளை அறுக்கிற கத்தரிக்கோலால் ஒருநாள் அவசரத்துக்குக் கறிவேப்பிலை நறுக்கினாளே, அது வந்திருக்குமோ. நாத்தனார் கல்யாணத்தில் பந்தியில் புத்தகம் படித்தது வந்திருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பெண் தன்மையா இருக்கீங்க என்று ஆச்சரியப்படுகிறது. கோபம் வந்தது. முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, முகத்தில் பாதி ஒத்துழைக்கவில்லை. அவரைக் கேட்கலாம். கேட்டால், பதினேழாம் பக்கத்தில் நிற்பது தெரிந்துவிடும். தெரியாமலா இருக்கிறது. அட்டையில் தூசி எவ்வளவு என்று பார்க்கத் தெரியாதவரா, நேரம் குறித்தே காலம் கழித்தவர். அவ்வளவுதான் மேடம், முடிஞ்சுது, தற்காலிகமா அடைச்சிருக்கேன், ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாதீங்க, அடுத்த வாரம் வாங்க என்றார் டாக்டர் ஜெசிந்தா. நாற்காலி எழுந்து நிமிர்ந்தது. வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்கள். தண்ணீர் உதட்டின் ஓரமாக அவளைக் கேட்காமலே வெளியேறியது.

காத்திருக்கும் அறையில் வேறு யாரும் இல்லை. வெயிலுமுத்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, "வலிச்சுதா?" என்றார்.

"எக்கனை ஆள்?" என்றாள் மங்கையர்க்கரசி. எத்தனை நாள் என்றுதான் கேட்டாள்.

"எத்தனை ஆளா? யாரும் இல்லயே. நாமதான் கடைசி."

அவள் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். *சஸ்பெண்ட் எத்தனை நாள்?*

அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். "டாக்டரம்மா சொல்லிட்டாங்களா. நீ அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டியேன்னு பாத்தேன்," என்றார். "கதைதான மங்கை. கதைன்னா அப்படி இப்படி இருக்கும்."

அவள் சீட்டைப் பேனாவால் தட்டினாள்.

"பதினொரு நாள்தான். பதினஞ்சுன்னா படிக்க நல்லாருக்குமேன்னு போட்டேன்."

*எங்கே இருந்தீங்க?*

"லைப்ரரில. ஃபேன் ஓடும். சும்மா எத்தனை நேரம் உக்காந்திருக்க? ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சேன். அப்புறம் அது பாட்டுக்கு வருஷக்கணக்கா ஓடிட்டு."

*ஏன் சொல்லலை?*

"சொல்லத்தான் வந்தேன். நீ படிச்சிட்டிருந்த. மறுநாளும் வந்தேன், படிச்சிட்டிருந்த. அப்படியே நாள் போயி, டெப்போல திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. கூப்பிட்டப்புறம் சொல்லி என்ன செய்ய?" அவர் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. ராஜபாளையம் வண்டி இருபது நிமிடம் தாமதம் என்று மைக்கில் சொல்லுகிற குரல்தான். அது குத்தலாக இருந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்க வழி இருந்திருக்கும்.

அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் அடித்தது. ஞானதுரை. எடுத்துக் காதில் வைத்து, அணக்கம் என்றாள், உடனே போனை அவரிடம் நீட்டிவிட்டாள்.

"வணக்கம் சார். டீச்சர் வீட்டுக்காரர் பேசுதேன். அவங்களால பேச முடியாது, பல்லு. ஆமா சார், பக்கத்துலதான் இருக்காங்க." போனைக் கையால் மூடிக்கொண்டு, "லிஸ்ட்டு கேக்காரு," என்றார்.

அவள் எழுதினாள். அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்துச் சொன்னார். "இந்த வருஷம் ஒன்பதுதானாம் சார். இப்பவே அனுப்பிருவாங்களாம். பத்தாவது படிச்சிட்டிருக்காங்களாம். படிச்சு முடிக்காததைப் போட மாட்டாங்களாம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டார். "எந்தப் புத்தகம்னு கேக்காரு."

மங்கையர்க்கரசி மேசையைக் காட்டினாள். பழைய வாரப் பத்திரிகைகளுக்கு நடுவில், அட்டை மடங்கி, நிறையப் பேர் புரட்டி ஓரம் கறுத்துப்போய் அது கிடந்தது.

வெயிலுமுத்து அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனில், "பெருசு ஒண்ணும் இல்ல சார். சின்னப் புத்தகம்தான். முடிச்சுருவாங்க," என்றார்.

ஏழாவது இடத்துக்கு மேற்கொண்டு யோசிக்காமல் கைக்கு வந்ததைப் போட்டு, அவள் அங்கேயே நின்று ஒன்பதையும் தட்டி அனுப்பினாள். பிறகு மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்ல போய்ப் படிக்கலாம்லா, இருட்டிரும் என்றார் அவர். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். விரல் சீன் எங்கே என்று புரட்டிப் பார்க்கக் கை பரபரத்தது, ஆனால் எந்தப் புத்தகத்திலும் பக்கம் தாண்டிப் போனவள் இல்லை அவள், இதில் மட்டும் போக எந்த நியாயமும் இல்லை. பதினெட்டில் இரண்டு பிழை இருந்தது. பத்தொன்பதில் ஒன்று. இருபதில் பிழை இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேச்சிமுத்து என்கிற டிரைவர் தன் மனைவியோடு போட்ட சண்டையை ஸ்டீயரிங்கோடு தொடர்ந்துகொண்டிருந்தான், அதில் போய்விட்டாள். வெயிலுமுத்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். ஹெல்மெட்டை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றினார். மீனை எண்ணினார். அவள் பக்கம் புரட்டும்போதெல்லாம் அவர் கண் ஓரமாக வந்து பக்க எண்ணைப் பார்த்துவிட்டுப் போனது. வேர்த்திருந்தது அவருக்கு, டிசம்பர் மாதச் சாயங்காலத்தில். இருபத்து மூன்றாம் பக்கத்தில், பஸ் ஸ்டாண்டில் நேரம் தவறாத ஒரே ஆள், நாலு மணிக்கு மதுரை வண்டி நிற்கிற இடத்தில் வந்து படுக்கிற மாடுதான், அதன் வருகையைக் குறிக்க மட்டும் எனக்கு யாரும் பேரேடு கொடுக்கவில்லை என்று இருந்தது. மங்கையர்க்கரசி சிரித்தாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, மறுபக்கம் எச்சில் வடிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் படித்துக்கொண்டிருந்தபோது எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள், ஒருதடவையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"எந்த இடம்?" என்றார்.

வாயால் சொல்ல முடியாமல் அவள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி, முதலிலிருந்து படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.